நாற்பத்தெட்டாவது நொடி

1. இக்குறிப்புகளை எழுதும் நான் ந. ஆவுடையப்பன், வயது 44, காலஞ்சென்ற நமச்சிவாயத்தின் மகன், பாளையங்கோட்டையில் வசிப்பவன். இருபது ஆண்டுகளாக வழக்கறிஞர்; ஏழு ஆண்டுகளாக நோட்டரி.

2. இதில் உள்ளவை நான் கண்டவை, கேட்டவை, செய்தவை மட்டுமே. ஊகம் வரும் இடத்தில் ஊகம் என்றே எழுதியிருக்கிறேன்.

3. பொருள்: 'சால்ட் மெரிடியன்' என்னும் வீடியோ கேம் தொடர். 2004 முதல் ஆறு பாகங்கள் வந்துள்ளன. ஏழாவதும் கடைசியுமான பாகம் இம்மாதம் 21ஆம் தேதி வெளியாகிறது.

4. இத்தொடரின் பாத்திரங்களுள் துறைமுக நீதிபதி கால்டர் மீது எனக்குத் தனிப்பட்ட பற்று உண்டு. ஆறு பாகங்களிலும் அவர் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. வாசிப்பவர் இப்பற்றைக் கணக்கில் கொள்ளலாம்.

2 நவம்பர் 2025, ஞாயிறு

காலை 9.10க்கு ஏழாம் பாகத்தின் டிரெய்லர் வெளியாயிற்று. நீளம் இரண்டு நிமிடம் ஆறு நொடி. 9.25க்குள் ஐந்து முறை பார்த்துவிட்டேன்.

கால்டருக்குத் தலை முழுவதும் நரைத்துவிட்டது. இருபத்தொரு ஆண்டுகளில் அவரும் நானும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் நரைத்திருக்கிறோம். துறைமுகத்தில் புதிய படித்துறை கட்டியிருக்கிறார்கள். பழைய கலங்கரை விளக்கம் எரிந்த இடத்தில் புல் முளைத்திருக்கிறது. இவை அனைத்தும் மகிழ்ச்சிக்குரியவை. ஆனால் நான் எழுத வந்தது நாற்பத்தெட்டாவது நொடியைப் பற்றி.

அந்த நொடியில், ஒரு விடுதியின் மேசையருகே ஒரு பெண் முதுகைக் காட்டி நிற்கிறாள். ஒரு வரைபடத்தை முதலில் நீளவாக்கில் ஒரு மடிப்பு, பிறகு குறுக்கே மூன்று மடிப்பு மடித்து, இடக்கால் பூட்ஸுக்குள் செருகுகிறாள். முகம் தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. இத்தொடரில் வரைபடத்தை அப்படி மடிப்பவள் ஒருத்தியே: வெர்னா.

நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். வெர்னா உயிருடன் இருக்க வழியில்லை. 2013ஆம் ஆண்டு, மூன்றாம் பாகத்தில், அவளைப் புயலுக்குள் படகேற்றி அனுப்பத் தீர்ப்பளித்தவன் நானே.

9.32க்குக் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. அனுப்பியவள் என் தங்கை பகவதி. தூத்துக்குடியில் கணித ஆசிரியை. அவளிடமிருந்து இதற்கு முந்தைய செய்தி வந்தது 2014 ஆகஸ்டில்.

"அண்ணே, 48வது செகண்ட் பாத்தியளா?"

மூன்று வரைவுகள் எழுதி அழித்தபின் பதில் அனுப்பினேன்: "பார்த்தேன்."

என் மனைவி செண்பகம் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்துவிட்டாள்.

"பதினோரு வருசம் கழிச்சு அந்தப் பிள்ள வாயத் தொறக்கா. நீங்க நோட்டீசுக்குப் பதில் போடுத மாரி ஒத்த வார்த்தையா?"

"கேட்ட கேள்விக்கு அதுதானே பதில்?"

"நல்லாருக்கு உங்க பதில்" என்று சொல்லிவிட்டுச் சட்னியைத் தாளிக்கப் போனாள்.

3 நவம்பர், திங்கள்

வெர்னா குறித்துப் பதிவுசெய்ய வேண்டிய விவரங்கள் வருமாறு.

இத்தொடரில் ஒரு பாகத்தில் எடுத்த முடிவு அடுத்த பாகத்திலும் தொடரும். இதுவே இதன் கதைசொல்லலின் பலம். முதற்பாகத்தில் ஓடில் என்னும் மீன்காரி ஒரே ஒரு வசனம் பேசுவாள்: "மீனும் புதுசு, ஆளும் புதுசா?" அவ்வளவே. அவளிடம் மீன் வாங்கினால் இரண்டாம் பாகத்தில் நம்மை நினைவுவைத்திருப்பாள். ஆறாம் பாகத்தில் துறைமுகச் சபையின் தலைவியாகி, நம்மை எதிர்த்து வாக்களித்துவிட்டு, வெளியே வந்து அதே வசனத்தைச் சொல்வாள். பதினைந்து ஆண்டுகள் பொறுத்திருந்து ஒரு வசனத்தைத் திருப்பித் தரும் கதையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

முதல் மூன்று பாகங்களை நானும் பகவதியும் சேர்ந்து ஆடினோம். கடலில் கப்பல் செலுத்துவது அவள். கரையில் விசாரணைகளை நடத்துவது நான். கன்ட்ரோலர் கைமாறும் இடம் படித்துறை. விதி ஒன்றே, அதை வகுத்தவன் நான்: எடுத்த முடிவை மாற்றுவதற்காகச் சேமித்த ஆட்டத்துக்குத் திரும்பக் கூடாது. தீர்ப்பு தீர்ப்புதான். ஒவ்வொரு முடிவையும் தேதியுடனும் காரணத்துடனும் நீள நோட்டில் எழுதிவைத்தேன். நோட்டுகள் மூன்றும் பத்திரமாக இருக்கின்றன.

பகவதிக்குப் பிடித்தவள் வெர்னா. வரைபடக்காரி, ஒற்றைக் கண், வாய்த்துடுக்கு. பொய் சொல்லிவிட்டுத் தானே சிரித்துவிடுவாள். மூன்றாம் பாகத்தின் முடிவில் கலங்கரை விளக்கம் எரிகிறது. வெர்னாவின் சட்டைக்கையில் விளக்கெண்ணெய்க் கறை. காவல் பதிவேட்டில் அவள் பெயர். பகவதி, "அவ செஞ்சிருக்க மாட்டாண்ணே" என்றாள். ஆதாரம் கேட்டேன். "அவளத் தெரியும்லா" என்றாள். அது ஆதாரமாகாது. தண்டித்தேன்.

நான்காம் பாகத்தில் தெரிந்தது, வெர்னா குற்றமற்றவள் என்று. அப்பாகத்தை நான் தனியே ஆடினேன். இடையில் 2014இல் பகவதியின் திருமணம் நடந்தது. தந்தையார் காலமாகிவிட்டதால் மணமகன் திரு. மதிவாணனைக் குறித்து விசாரிக்கும் பொறுப்பு என்னுடையதாயிற்று. அவர்மீது சாலை மறியல் வழக்கு ஒன்று நிலுவையில் இருந்தது. என் கருத்தை நான்கு பக்கங்களில் எழுத்துமூலம் அளித்தேன். திருமணத்தில் நான் கலந்துகொள்ளவில்லை. அவ்வழக்கு 2016இல் விடுதலையில் முடிந்ததாக அறிகிறேன்.

இப்பத்தி இக்குறிப்புகளின் பொருளுக்குத் தொடர்பற்றது.

5 நவம்பர், புதன்

மாலை 6.15க்குப் பகவதி அழைத்தாள். நாற்பத்திரண்டு நிமிடம் பேசினோம். நலம் விசாரிப்பு எதுவும் நடக்கவில்லை.

"அண்ணே, அந்த மடிப்ப பாத்தியளா? குறுக்க மூணு! குறுக்க மூணு!"

"முகம் காட்டப்படவில்லை. வேறொருவர் அவளிடம் கற்றுக்கொண்டிருக்கலாம்."

"யாரு, கால்டரா? அந்தாளுக்குக் கைக்குட்டையே மடிக்கத் தெரியாது."

இதை மறுக்க இயலவில்லை. ஐந்தாம் பாகத்தில் கால்டரின் கைக்குட்டை குறித்து ஒரு காட்சி உண்டு.

பிறகு விடுதி எந்தத் துறைமுகத்தில் இருக்கிறது, சுவரில் தொங்கும் மணி இரண்டாம் பாகத்தில் மூழ்கிய கப்பலின் மணியா, கால்டர் அந்த விடுதிக்கு வருவாரா என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பேசிக்கொண்டே போனோம். இருவரும் ஒரே நேரத்தில் பேசிய சந்தர்ப்பங்கள் பல. என் குரல் உயர்ந்துவிட்டதாகச் செண்பகம் பிற்பாடு தெரிவித்தாள்.

"நீயும் ஆடுவாய் அல்லவா?" என்றேன்.

"நான் ஏன் தனியா ஆடணும்? உங்க வீட்டுக்கு வாரேன். ஆனா ஒண்ணு."

"சொல்."

"வெர்னா உயிரோட இருக்கணும். என் வீட்டுல நான் மொதல்லருந்து ஆடுனா அவளத் தண்டிக்க மாட்டேன், அவ உயிரோடதான் இருப்பா. எனக்கு அது வேண்டாம். உங்க கையால அவ உயிரோட வரணும். இல்லன்னா நான் வரல."

யோசித்துச் சொல்வதாகக் கூறினேன். "யோசிங்க, யோசிங்க. ஒங்களுக்கு அதான வேல" என்று வைத்துவிட்டாள்.

8 நவம்பர், சனி

தயாரிப்பாளர்களின் அறிவிப்பு வந்தது. பழைய கன்சோலில் சேமித்த ஆட்டங்கள் புதியதற்கு வாரா. அதற்குப் பதிலாக ஏழாம் பாகத்தின் தொடக்கத்தில், ஒரு விடுதியில், கிழவியாகிவிட்ட மீன்காரி ஓடில் நம் எதிரே அமர்ந்து, முந்தைய பாகங்களில் நாம் செய்தவை பற்றி முப்பது கேள்விகள் கேட்பாள். சொல்லும் பதிலே கடந்தகாலம் ஆகும்.

ஓடில்! ஒரு வசன மீன்காரி இப்போது எல்லோருடைய கடந்தகாலத்துக்கும் பதிவாளர்! அறையை இரண்டு முறை சுற்றி நடந்தேன்.

கேள்விப் பட்டியலும் வெளியாகியுள்ளது. பதினேழாவது: "வெர்னாவை நீ தண்டித்தாயா?" 'இல்லை' என்றால் அவள் வருவாள். 'ஆம்' என்றால் வரமாட்டாள்.

செண்பகம், "இல்லன்னு அமுக்கிட்டுப் போங்க. ஒரு பொத்தான்" என்றாள்.

"அது பொய் வாக்குமூலம்."

"ஒரு கெழவிட்ட. அதுவும் பொம்மக் கெழவிட்ட."

தினமும் பத்துப் பேரை என்முன் நிறுத்தி, சொல்வதெல்லாம் உண்மை என உறுதி வாங்கிக் கையொப்பமிடுகிறவன் நான். அந்தக் கை இந்தப் பொத்தானை அழுத்துமா?

10 நவம்பர், திங்கள்

அலுவலகத்தில் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் மறுஆய்வுப் பகுதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். புதிய சாட்சியம் கிடைத்தால் தீர்ப்பை மறுஆய்வு செய்யலாம். எனக்குள் ஒரு துள்ளல். உடனே தாளில் 'வெர்னா, மறுஆய்வு' என எழுதி மேசையில் வைத்தேன்.

மதியத்துக்குள் என் குமாஸ்தா சங்கரநயினார் (வயது 61, இருபது ஆண்டுப் பழக்கம்) அதற்கொரு கட்டுப் போட்டு, சிவப்பு நாடா கட்டி, நாள்குறிப்பில் 21ஆம் தேதிக்கு எழுதிவிட்டார்.

"சார், இந்த வெர்னாம்மா வக்காலத்துல இன்னும் கையெழுத்துப் போடலியே. எந்தூரு அவுக?"

"கடலோரம்."

"மணப்பாடா?"

விளக்கினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "கட்டப் பிரிச்சிரட்டுமா, அப்படியே இருக்கட்டுமா?" என்றார்.

இருக்கட்டும் என்றேன்.

13 நவம்பர், வியாழன்

மறுஆய்வில் ஒரு தடை. புதிய சாட்சியம் என்றால், உரிய முயற்சி எடுத்தும் அன்று கிடைத்திருக்கக் கூடாதது என்று காட்டவேண்டும். அன்று நான் உரிய முயற்சி எடுத்தேனா? எடுத்தேன் என்றே நம்புகிறேன். நோட்டைப் பார்க்கவேண்டும்.

பகவதியிடமிருந்து செய்தி: "யோசிச்சாச்சா?"

பதில்: "விசாரணை நடைபெறுகிறது."

அவள் ஒரு சிரிக்கும் முகம் அனுப்பினாள். ஒரு நொடி கழித்து அழும் முகமும் அனுப்பினாள். இரண்டாவது தவறுதலாக வந்திருக்கலாம் (ஊகம்).

16 நவம்பர், ஞாயிறு

பரணிலிருந்து பழைய கன்சோலை இறக்கினேன். தூசி தட்டி, மூன்றாம் பாகத்தின் வட்டைப் பனியன் துணியால் துடைத்துப் போட்டதும் அது ஒருமுறை இருமிவிட்டுச் சுழன்றது. அந்தத் தொடக்க இசை! செண்பகம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

விசாரணைக் காட்சிக்கு முந்தைய சேமிப்பு அப்படியே இருந்தது. விதியின்படி அதை நான் திறக்கக் கூடாது. தீர்ப்பை மாற்றுவதற்கன்று, ஆவணத்தைப் பார்வையிடுவதற்கே திறக்கிறேன் என நோட்டில் ஒரு குறிப்பு எழுதிவிட்டுத் திறந்தேன்.

திரையில் நான்கு தெரிவுகள்: பதிவேட்டைப் பார். சட்டையைப் பார். அவளிடம் கேள். தீர்ப்புச் சொல்.

2013ஆம் ஆண்டு நோட்டை விரித்தேன். என் கையெழுத்து: "பதிவேடு பார்க்கப்பட்டது. சட்டை பார்க்கப்பட்டது. ஆவணச் சான்று போதுமானதாக உள்ளது. நேரில் விசாரிக்கத் தேவை எழவில்லை."

'அவளிடம் கேள்' என்பதை அழுத்தினேன்.

வெர்னா ஒற்றைக் கண்ணால் நிமிர்ந்து பார்த்தாள். "அப்பாடா, ஒருவராவது கேட்டீர்களே. விளக்கு அணைந்து கிடந்தது. வெளியே நாற்பது பேருடன் கப்பல். எண்ணெய் ஊற்றி ஏற்றினேன். கப்பல் பிழைத்தது, கலங்கரை எரிந்தது. அவ்வளவுதான்."

கைக்கடிகாரத்தில் கணக்கிட்டேன். மொத்தம் பதினொரு நொடி.

செண்பகம், "இத மொதல்லயே கேட்டுருக்கலாம்லா?" என்றாள். கேட்டிருக்கலாம். ஆகவே இது புதிய சாட்சியம் அன்று. மறுஆய்வு மனு தோற்கிறது.

பிற்பகலில் வேறொரு கட்டையும் எடுத்துப் பார்த்தேன். 2014, நான்கு பக்கக் கருத்துரை, திரு. மதிவாணன் குறித்து. இணைப்பு: முதல் தகவல் அறிக்கையின் நகல். மூன்றாம் பக்கத்தின் கடைசி வரி: "ஆவணச் சான்று போதுமானதாக உள்ளது. நேரில் விசாரிக்கத் தேவை எழவில்லை."

இச்சொற்றொடர் என் எழுத்தில் வழக்கமாக வருவதே.

இரவுச் சாப்பாடு வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

17 நவம்பர், திங்கள்

காலை 5.40க்குக் குளித்துக்கொண்டிருக்கையில் தெளிந்தது. ஈரத் தலையோடு வந்து எழுதுகிறேன்.

மறுஆய்வே தேவையில்லை! எதிர்த்தரப்பைக் கேளாமல் வழங்கிய தீர்ப்பு தொடக்கம் முதலே செல்லாது. செல்லாத தீர்ப்பை மாற்ற வேண்டியதில்லை. அப்படியொரு தீர்ப்பு இல்லை என்று அறிவித்தால் போதும். அப்படியானால் ஓடில் கேட்கும் பதினேழாம் கேள்விக்கு 'இல்லை' என்பதே உண்மையான பதில். கால்டரே வந்து நின்றாலும் ஒப்புக்கொள்வார்!

"செண்பகம்!" என்று கத்தினேன். தண்ணீர் நின்றுவிட்டதோ என்று ஓடிவந்தாள். விளக்கினேன்.

"சரி, அந்தப் பொம்மப் பொண்ணுக்கு ஆச்சு. இன்னொருத்தருக்கு?"

"யாருக்கு?"

அவள் துண்டை எடுத்து என் தலையில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

18 நவம்பர், செவ்வாய்

அலுவலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உத்தரவு எழுதினேன். சங்கரநயினார் பெஞ்சு குமாஸ்தாவாக இருந்து, "வெர்னா, வெர்னா, வெர்னா" என மும்முறை அழைத்தார். யாரும் வரவில்லை என்று முறைப்படி பதிவு செய்தார்.

உத்தரவு இரண்டு பத்திகள். முதற்பத்தி வெர்னா மீதான 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பு செல்லாது என்கிறது. இரண்டாம் பத்தியை எழுத நான்கு மணி நேரமாயிற்று. அதன் வாசகம்: "இதே காரணத்தால், திரு. மதிவாணன் குறித்து 2014இல் நான் அளித்த கருத்துரையும் தொடக்கம் முதலே செல்லாது. அவரிடம் ஒரு கேள்விகூடக் கேளாமல் அது எழுதப்பட்டது. அவர் விரும்பினால் இப்போது கேட்க ஆயத்தமாக உள்ளேன். இதற்காக வருந்துகிறேன்."

கடைசி வாக்கியம் சட்ட வாசகம் அன்று. நீக்கலாமா என்று சங்கரநயினாரைக் கேட்டேன்.

"அது ஒண்ணுதான் சார் எனக்குப் புரிஞ்சுது. இருக்கட்டும்."

19 நவம்பர், புதன்

உத்தரவின் நகலோடு சங்கரநயினாரைத் தூத்துக்குடிப் பேருந்தில் அனுப்பினேன். நகலை நேரில் கொடுத்து, அசலில் ஒப்புகை வாங்கி வருவதே முறை.

மாலை நான்கு மணிக்குத் திரும்பினார்.

"குடுத்தீரா?"

"குடுத்தேன் சார். நின்னுக்கிட்டே வாசிச்சாங்க. சிரிச்சாங்க. ரெண்டாவது பத்தி வந்ததும் உக்காந்துட்டாங்க. உள்ள போயி அவுக வீட்டுக்காரர்ட்ட குடுத்தாங்க. அவரு வாசிச்சாரு. பொறவு எனக்குச் சாளை மீன் கொழம்போட சாப்பாடு போட்டாங்க. கொழம்பு ஏ ஒன்னு."

"ஒப்புகை?"

தாளை நீட்டினார். ஓரத்தில் பகவதியின் கையெழுத்து: "நகல் பெற்றேன். சனிக்கிழமை காலையில வாரோம். ரெண்டு பேரும். எனக்குக் கன்ட்ரோலர் வேணும்."

நாற்காலியில் சாய்ந்து மின்விசிறியைப் பார்த்தேன். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. எனினும் வியர்த்தது.

21 நவம்பர், வெள்ளி

வெளியாகிவிட்டது. பதிவிறக்கம் தொடங்கியது காலை 10.30.

12.00: 19 விழுக்காடு.

2.45: 41. மழை. இணைப்பு இருமுறை அறுந்தது.

5.20: 77. செண்பகம், "நம்ம கல்யாணத்தன்னிக்குக்கூட நீங்க இப்படி வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கல" என்கிறாள்.

6.50: 100. தொடவில்லை. தொடமாட்டேன்.

22 நவம்பர், சனி

9.05க்கு வந்தார்கள். பகவதி செருப்பைக் கழற்றும் முன்பே, "டிவி எங்கண்ணே?" என்றாள். கண்ணோரத்தில் சுருக்கங்கள். மூக்குக்கண்ணாடி புதிது. பின்னால் திரு. மதிவாணன், கையில் மக்ரூன் பொட்டலம்.

ஆட்டத்துக்கு முன் ஒரு நடவடிக்கை நிலுவையில் இருந்தது. அவரை எதிரே அமர்த்தினேன்.

"அந்த மறியல் அன்று என்ன நடந்தது?"

அவர் சிரித்தார். "மச்சான், பதினோரு வருசமா இதுக்குப் பதில ரெடியா வச்சிருக்கேன். கேக்கத்தான் ஆளில்ல. குடிதண்ணி கேட்டு மறியல். மயங்கி விழுந்த ஒரு அம்மாவ ஆட்டோல ஏத்திக்கிட்டு நின்னேன். எல்லாரும் ஓடிட்டாங்க. நிக்கவன் பேரத்தான எழுதுவாங்க?"

கைக்கடிகாரத்தை நான் பார்க்கவில்லை. நீண்ட நேரமாகியிருக்காது.

"வேறு கேள்வி இல்லை" என்றேன். பிறகு, "காபி சாப்பிடுங்க மாப்பிள்ள" என்றேன். உள்ளே செண்பகம் ஏதோ பாத்திரத்தைக் கீழே போட்ட சத்தம் கேட்டது.

விடுதி. மழை. ஓடில் எதிரே அமர்ந்தாள். முகமெல்லாம் சுருக்கம், குரல் அதே குரல். "மீனும் பழசு, ஆளும் பழசு" என்றாள். நானும் பகவதியும் ஒரே நேரத்தில் கூவிவிட்டோம்.

பதினாறு கேள்விகளுக்கு நோட்டைப் பார்த்து நான் பதில் சொன்னேன். பதினேழில் கன்ட்ரோலரைப் பகவதியிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"உங்க கையாலன்னுதான் சொன்னேன்."

'இல்லை' என்பதை அழுத்தினேன். அது உண்மை.

ஓடில் அதைக் குறித்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் விடுதிக் கதவு திறந்தது. ஈரக் கோட்டை உதறிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். மேசையில் ஒரு வரைபடத்தை வைத்தாள். நீளவாக்கில் ஒன்று. குறுக்கே மூன்று.

"கொஞ்சம் நேரமாகிவிட்டது" என்றாள் வெர்னா. "எனக்கு இடம் இருக்கிறதா?"

"இருக்கு, இருக்கு! உக்காருளா!" என்று பகவதி திரையைப் பார்த்துக் கத்தினாள். என் தோளில் அடித்தாள். மறுபடி அடித்தாள்.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். சாரல் என்று செண்பகத்திடம் சொன்னேன். சன்னல்கள் சாத்தியிருந்தன.

படித்துறை வந்ததும் கன்ட்ரோலரைக் கொடுத்தேன். கப்பல் புறப்பட்டது.

மேற்கண்டவை என் அறிவுக்கு எட்டியவரை உண்மை. மூன்றாம் தேதிக் குறிப்பில் 'தொடர்பற்றது' என்று நான் எழுதிய வாக்கியத்தை மட்டும் இத்துடன் அடித்துவிடுகிறேன்.

(ஒப்பம்) ந. ஆவுடையப்பன்
பாளையங்கோட்டை, 22.11.2025

சாட்சிகள்:
1. ம. பகவதி, தூத்துக்குடி
2. மதிவாணன், மேற்படியாரின் கணவர்

குறிப்பு: சாட்சிகள் இருவரும் இப்பொருளில் பற்றுடையவர்கள். இதை ஆட்சேபிப்பவர் யாருமில்லை.